பேச முடியாதவர் எந்த எண்ணை அழைப்பது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலை நினைவுகளைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்றுதான் செயலாளர் கேட்டார். நினைவுக்கு என்ன குறை? மழையில் நனைந்த சப்பாத்துகளை வகுப்பு மூலையில் அடுக்கிவிட்டு வெறுங்காலோடு படித்தது, யன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து கரும்பலகையை மறைத்தது, இதையெல்லாம் எனக்கு முன் பேசிய அக்கா என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார். நான் என் தங்கச்சியைப் பற்றிப் பேசப்போகிறேன். அவளும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவிதான். மூன்று வருஷம் மட்டும் படித்தாள். சங்கத்தில் அங்கத்துவம் எடுக்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு அவளை ஞாபகமிருக்கும். முன் வாங்கில் யன்னலோரம் உட்கார்ந்து, டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. நாலு வயதில் வந்த மூளைக்காய்ச்சலோடு அவளுடைய காது போனது. கேட்காத பிள்ளைக்குப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. லயத்தில் அவளை ஊமைச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.

காது கேளாத பிள்ளைகளுக்கு 1912-ல் தொடங்கிய பாடசாலை ரத்மலானையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை இருக்கிறது. செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம் என்றிருந்த எங்கள் அப்பாவுக்கு இரண்டும் ஒரே தூரம்தான். இங்கே இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருவர், "அவள் வந்து உட்காரட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் அவள் எழுத்துப் படித்தாள். கொழுந்தைக் காட்டி 'கொழுந்து' என்று எழுதுவார். கூடையைக் காட்டி 'கூடை' என்று எழுதுவார். மேல்வகுப்புக்கு அவளை எடுக்க முடியாது என்று சொல்லப்பட்டபோது, சின்னச் சின்ன வசனம் எழுதத் தெரிந்திருந்தது. மிச்சத்தை நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள்.

என் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, எனக்குச் சிங்களமும் ஓடியது. ஆகவே தபால் கந்தோரோடு சேர்ந்திருந்த தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டர் வேலை கிடைத்தது. காதில் ஹெட்செட், முன்னால் பலகை, கையில் வயர். ஒரு வீட்டில் இரண்டு பேர். ஒருத்தி நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுச் சம்பளம் வாங்கினாள், இன்னொருத்திக்கு ஒன்றுமே கேட்காது. வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

அந்தக் காலத்தில் என் பலகையில் வந்த அழைப்புகள் எல்லாம் துரை பங்களாவிலிருந்தும், தோட்டக் கந்தோரிலிருந்தும், கடைகளிலிருந்தும் வந்தவை. லயத்திலிருந்து ஒரு அழைப்புக்கூட வந்ததில்லை, அங்கே போனே இல்லை. பிரசவ வலி வந்தால் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு ஓட வேண்டும், அவர் கந்தோருக்குச் சொல்ல வேண்டும், கந்தோர் மனம் வைத்தால் தோட்டத்து லொறி வரும். தொலைபேசியைப் பொறுத்தவரை அன்றைக்கு லயத்தில் இருந்த அத்தனை பேரும் என் தங்கச்சி மாதிரித்தான். கையடக்கத் தொலைபேசி வந்து மற்ற எல்லாரையும் அந்த நிலையிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. அவளை மட்டும் எடுக்கவில்லை.

தொலைபேசிக்கு 1876-ல் காப்புரிமை எடுத்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியர். அவருடைய தாய்க்கும் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பொருள்தான் அதற்குப் பிறகு நூறு வருஷம் காது கேளாதவர்களைப் பல வேலைகளுக்கு வெளியே நிறுத்திவைத்தது. பெல் சைகை மொழிக்கும் எதிரானவர் என்பதால் அவர்கள் மத்தியில் அவர் பெயருக்கு இன்றைக்கும் அவ்வளவு நல்ல மதிப்பில்லை.

இனி அந்த இரவு.

சுவசெரிய 1990 அம்பியூலன்ஸ் 2016-ல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது உங்களுக்குத் தெரியும். அது மலையகத்துக்கும் வந்து சில காலத்துக்குப் பிறகு நடந்த விஷயம் இது. நான் வத்தளையில் மகளோடு இருந்தேன். தங்கச்சி அம்மாவோடு தோட்டத்தில், அதே லயத்தில். மருமகன் வாங்கிக்கொடுத்த போன் அவளிடம் இருந்தது. அவளும் நானும் நாளும் பொழுதும் எழுதிக்கொள்வோம்.

நல்ல மழை இரவு. அம்மா எழும்பியவர் வாசற்படியில் விழுந்துவிட்டார். வலது கை தூக்க முடியவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தங்கச்சிக்கு 1990 தெரியும், பாதையில் போகும் வண்டியில் பெரிதாக எழுதியிருக்கிறதே. கையில் போனும் இருக்கிறது. அழைத்து என்ன செய்வாள்? பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துச் சுவரில் தட்டினாள். ஒரு பக்கத்து வீட்டார் கொழும்புக்குப் போய்விட்டார்கள், மறுபக்கத்தில் ஒரு தாத்தா. தகரத்தில் விழுந்த மழையில் அன்றைக்கு லயத்தில் யாருக்குமே காது கேட்கவில்லை.

அவள் எனக்கு எழுதினாள். "அம்மா விழுந்துட்டாங்க. கை தூக்கல. பேச்சு வரல. சீக்கிரம்." நேரம் 2.10.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு அழைப்பைத் தவறவிடக் கூடாது என்று இருந்தவள் நான். அன்றைக்குப் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கினேன். பார்த்தபோது ஐந்தே முக்கால்.

இடையில் நடந்ததை அவள் பிறகு எனக்கு எழுதிக் காட்டினாள். அம்மாவைத் தனியே விடப் பயந்து வெகுநேரம் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். பிறகு துணிந்து இருட்டில் கீழ் லயத்துக்கு ஓடிக் கதவைத் தட்டி இரண்டு பேரைக் கூட்டிவந்திருக்கிறாள். அவர்கள் வாயுப் பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டு, விடிந்ததும் ஓட்டோ பிடிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எப்போது, என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தியால் சொல்ல முடியவில்லை.

நான் வத்தளையிலிருந்து 1990-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள், வண்டி வந்தது. லயத்துக்கு வழி சொல்வது இருக்கிறதே, அது தனிக் கதை. வீட்டு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. ஸ்டோரைத் தாண்டி மேலே, பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் வலது, கோவிலடி மரத்துக்குக் கீழே என்று சொல்ல வேண்டும். பேசத் தெரிந்த எனக்கே வேர்த்துவிட்டது.

வைத்தியசாலைக்குப் போனபோது ஏழு மணிக்கு மேல். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை மணிக்கு விழுந்தார்?" தங்கச்சி போனைத் திறந்து எனக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினாள். இரத்தக்கட்டி அடைத்து வரும் பாரிசவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த மருந்து எல்லா வைத்தியசாலையிலும் கிடைப்பதில்லை, எல்லா நோயாளிக்கும் பொருந்துவதும் இல்லை. அம்மாவுக்குப் பொருந்தியிருக்குமா என்று கேட்கவே இடமில்லாமல் நேரம் தாண்டியிருந்தது.

அம்மா பிழைத்தார். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. நினைவெல்லாம் தெளிவு, சொல்ல வந்தது மட்டும் வாயில் வராது. இப்போது அந்தக் காம்பராவில் பேச முடியாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். காது கேளாதவர், வாய் பேசாதவர் என்றால் பிறவியிலேயே அப்படி இருக்கும் யாரோ சிலர் என்று நினைக்கிறோம். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்த நாட்டில் 5 வயதுக்கு மேல் கேட்பதில் சிரமமுள்ளவர்கள் சுமார் 3 இலட்சத்து 89 ஆயிரம் பேர். பேசித் தொடர்புகொள்வதில் சிரமமுள்ளவர்கள் சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் பிறவியில் வந்தவர்களும் இருப்பார்கள், எங்கள் அம்மா மாதிரி வயதில் வந்து சேர்ந்தவர்களும் இருப்பார்கள்.

அதற்குப் பிறகு நான் படிக்கத் தொடங்கினேன். மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று மகளைக் கேட்டுக் கேட்டுத் தேடினேன்.

1935 நவம்பரில் லண்டன் விம்போல் வீதியில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். அயல்வீட்டுக்காரர் தீயணைப்புக்கு அழைத்தபோது எக்ஸ்சேஞ்சில் வரிசையில் காக்க வேண்டியிருந்தது. அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்துதான் 1937-ல் 999 வந்தது. அந்த எண்ணில் அழைப்பு வந்தால் பலகையில் சிவப்பு விளக்கு எரியும், ஒலி எழும்பும், ஒப்பரேட்டர் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதை எடுக்க வேண்டும். ஒப்பரேட்டராக இருந்தவள் என்ற முறையில் இந்த ஏற்பாட்டை நான் மெச்சுகிறேன். ஆனால் சைகை மொழியில் வீடியோ வழியாக அதே 999-ஐ அழைக்கும் வசதி பிரித்தானியாவில் வந்தது 2022 ஜூனில். கணக்குப் பாருங்கள், 85 வருஷம். அதற்கு முன்பே 2009-லிருந்து குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று வைத்தார்கள், ஆனால் முன்கூட்டியே போனைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆபத்து வருமென்று முன்கூட்டியே பதிவு செய்து வைக்கிறவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968 பெப்ரவரியில், அலபாமாவில் ஒரு சிறிய ஊரில். அதற்கு நாலு வருஷம் முன்பே, 1964-ல், ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற பௌதிகவியலாளர் பழைய தந்தி அச்சு இயந்திரத்தைத் தொலைபேசியோடு இணைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஒருவர் தட்டினால் மறுபக்கம் எழுத்து விழும். அவருக்கும் காது கேட்காது. கேட்கிறவர்கள் செய்து கொடுக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அங்கே 2014 முடிவிலிருந்து கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் 911-க்கு வரும் குறுஞ்செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஒழுங்குவிதி. ஆனால் அதை வாங்கும் வசதி எல்லா நிலையத்திலும் இல்லை. இல்லாத இடத்தில், செய்தி போகவில்லை, வேறு வழியில் தொடர்புகொள்ளுங்கள், அல்லது பேசி அழையுங்கள் என்று தானாகவே ஒரு பதில் திரும்பி வரும். பேச முடியாதவருக்கு வரும் பதில் இது! இருந்தாலும் பதிலே வராமல் காத்துக்கிடப்பதைவிட இது மேல் என்பேன். என் தங்கச்சிக்கு அன்றைக்கு அதுகூட வரவில்லை.

எனக்குப் பிடித்தது பிரான்ஸ் செய்தது. 2011-லிருந்து 114 என்று தனி எண். காது கேளாதவர், பேச முடியாதவர் எழுதி அனுப்பினால் அங்கிருப்பவர் வாங்கி அம்பியூலன்ஸுக்கோ பொலிசுக்கோ தீயணைப்புக்கோ சொல்லிவிடுவார். ஒப்பரேட்டர் வேலைதான், வயர் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 2020 ஊரடங்கின்போது மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி எண்ணோடு, காது கேளாதவர்கள் வாட்ஸ்அப் வீடியோவில் சைகையிலேயே பேசுவதற்கென்று தனி எண் கொடுத்தார்கள். அவசரம் என்று வந்தால் செய்ய முடிகிறது.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996-ல் வந்தது, 28-ஆம் இலக்கச் சட்டம். 2006-ல் வந்த ஒழுங்குவிதிகள் கட்டிடங்களைப் பற்றியவை. அதனால் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் சில இடங்களிலாவது பார்க்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 9-ஆவது உறுப்புரையில், அணுகும் வசதி இருக்க வேண்டியவற்றில் அவசர சேவைகளும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. 1990 தொடங்கியதும் அதே 2016. இரண்டும் ஒரே வருஷத்தில் பிறந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்று எனக்குத் தோன்றும். எழுதியோ சைகையிலோ இந்த எண்ணை அழையுங்கள் என்று மூன்று மொழியிலும் போட்ட ஒரு சுவரொட்டியை நான் எந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியிலும், எந்த பஸ் ஸ்டாண்டிலும் இன்றுவரை பார்த்ததில்லை.

இது அம்பியூலன்ஸோடு முடிகிற விஷயமும் அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு நுவரெலியா, கண்டி, பதுளை என்று மலை மலையாகச் சரிந்தது. மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறார்கள். நிறத்தில் சொல்வது நல்லதுதான், நிறம் அவளுக்குத் தெரியும். ஆனால் தோட்டத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர்வது ஒலிபெருக்கியில், அழைப்பில், ஒருவர் மற்றவரைச் சத்தம் போட்டு எழுப்புவதில். புயல் நாட்களில் கரண்டும் சிக்னலும் போனபோது கேட்கிறவர்களுக்கே ஒன்றும் கேட்கவில்லை. பழைய காலத்தில் பிரட்டுக்கு அழைக்கத் தப்பு அடிப்பார்கள். அது நெஞ்சில் தெரிகிறது என்று தங்கச்சி கையை வைத்துக் காட்டுவாள். இன்றைய எச்சரிக்கைகளில் அவளுக்கு நெஞ்சில் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

முதலில் என் குரலை அவளுடைய போனில் பதிவு செய்து வைத்தேன். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. "இந்த அழைப்பை எடுப்பவருக்குக் காது கேட்காது, பேச வராது. நீங்கள் கேட்கும் கேள்வி அவருக்குக் கேட்காது. இங்கே ஒருவர் உயிராபத்தில் இருக்கிறார். இடம் இது." பிறகு ஸ்டோர், பிள்ளைக்காம்பரா, கோவிலடி மரம் வரை வழி முழுதும். கடைசியில் என் இலக்கம். இரண்டாவதாக ஒரு பழைய போன் வாங்கிக் கொடுத்தேன். அதில் 1990-ஐ அழைத்து, மற்றதில் பதிவைப் போட்டு வாயருகே பிடிக்க வேண்டும். மறுபக்கம் எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் குழம்பியபோது அவளே காட்டினாள். எடுத்தவுடன் திரையில் வினாடி ஓடத் தொடங்குகிறது. எத்தனையோ வருஷம் தொலைபேசியோடு இருந்த எனக்கு அது தோன்றவில்லை.

இது ஒட்டுப்போட்ட வேலை என்று எனக்கும் தெரியும். பக்கத்தில் போய் நிற்கும் நல்ல அயலவர்களும் ஒட்டுப்போட்ட வேலைதான். எழுதி அனுப்ப ஒரு எண் வந்தாலும், எழுதத் தெரிந்தவருக்குத்தான் அது உதவும். என் தங்கச்சிக்கு அந்த மூன்று வருஷம் இல்லாமல் போயிருந்தால், 2.10-க்கு அவள் எனக்கு அனுப்பிய செய்தியே இருந்திருக்காது. அதனால் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதும்போது சைகையில் பேச வீடியோவும் கேட்க வேண்டும், தமிழ் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். நம் சங்கத்தில் சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், தாதிமார் இருக்கிறீர்கள், தொலைபேசிக் கம்பனிகளில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், லண்டனிலும் டொரன்டோவிலும் இந்த வசதிகளை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் சுவசெரியவுக்கும் அனுப்ப ஒரு கடிதத்தை மூன்று மொழியிலும் எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் மேசையில் இருக்கிறது, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள், என் ஆங்கிலம் டிரங்க்கோல் ஆங்கிலம்தான்.

அதிபர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நினைவாகக் கட்டிடத்துக்கு நிதி சேர்க்கிறோம், நல்லது. நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காது கேளாத பெண்பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கும் எடுப்போம். முன் வாங்கில் யன்னலோரம் ஒரு இடம் இருக்கட்டும்.

மாதத்தில் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு நானும் தங்கச்சியும் ஒத்திகை பார்க்கிறோம். 1990-க்கு எடுத்துப் பார்க்க முடியாது, அந்த நேரத்தில் உண்மையிலேயே ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டு காத்திருப்பார். அதனால் எனக்கு எடுப்பாள். நான் எக்ஸ்சேஞ்சில் சொன்ன மாதிரியே "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அவளுக்கு அது கேட்காது. வினாடி ஓடத் தொடங்குவதைப் பார்த்துவிட்டு, என் குரலை எனக்கே போட்டுக் காட்டுவாள். கோவிலடி மரம் வரை வந்ததும் நான் வைத்துவிடுவேன். உடனே எழுதிக் கேட்பாள்: "வழி சரியா விளங்குதா?"